சொமெல் உறிஞ்சிய விஷம்

மலாய் நாட்டார் கதைகளில் வரும் பெண் பேய் பொந்தியானாக். அவளைப் பற்றிய படங்களை அளக்க நான் வைத்திருப்பது ஒரே அளவுகோல். 1957-இல் பி. என். ராவ் எடுத்த முதல் படத்தின் பாம்புக்கடிக் காட்சிதான் அது. விஷம் ஏறிக் கிடக்கிறான் ஒத்மான். உறிஞ்சி எடுத்துவிடு என்று மனைவி சொமெலிடம் கெஞ்சுகிறான். உறிஞ்சினால் அவன் பிழைக்கலாம். ஆனால் ஒரு சொட்டு ரத்தம் நாவில் பட்டாலும் அவள் கதை முடிந்தது. சொமெலுக்கு இந்தக் கணக்கு முழுதும் தெரியும். தெரிந்தே குனிகிறாள்.

அதன் பிறகு எத்தனையோ பேர் பொந்தியானாக்கைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். 2019-இல் கிளென் கோயியும் கேவின் யாப்பும் சேர்ந்து இயக்கிய ‘டெண்டாம் பொந்தியானாக்’ அவற்றில் மிக அழகானது. ஜொகூர் பாருவில் என் வயது ஒத்த ரசிகர்கள் கூடினால் இன்றும் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு எழும். துணி, விளக்கு, வண்ணம், நூர் ஃபஸுராவின் முகம் என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லி மெச்சுவார்கள். நானும் மெச்சுகிறேன். ஆனால் அந்தப் படத்தில் யாரும் யாருக்காகவும் குனியவில்லை. என் மனக்குறை அங்கேதான் தொடங்குகிறது.

பழைய கதையின் கட்டுமானத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சொமெல் காட்டில் விடப்பட்ட குழந்தை. கூன் விழுந்தவள், அழகற்றவள். எடுத்து வளர்த்த கிழவர் சாகிறார். தன் பொருள்களை எரித்துவிடச் சொல்லிப் போனவரின் ஏட்டிலிருந்து அவள் ஒரு மருந்தின் செய்முறையைக் கண்டெடுக்கிறாள். குடிக்கிறாள், பேரழகியாகிறாள். ரத்தத்தைச் சுவைக்கவே கூடாது என்பது நிபந்தனை. கிராமத் தலைவரின் மகன் அவளை மணக்கிறான், ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. ஒரு மனுஷிக்கு மறுக்கப்பட்ட எல்லாம் அவளுக்குக் கிடைத்துவிடுகின்றன. பிறகுதான் பாம்பு வருகிறது.

திகில் கதைகளில் சாபம் பெரும்பாலும் தவறு செய்தவனைத் தேடி வரும். புதையலைத் தோண்டுவான், கல்லறையை மிதிப்பான், பெண்ணைக் கெடுப்பான், பேய் வரும். அதில் கணக்கு நேர். பார்ப்பவன் மனம் சமாதானமாகிவிடும். சொமெல் கதையில் சமாதானம் கிடையாது. அவள் வாழ்க்கையிலேயே மிக நல்ல காரியம் எதுவோ அதைச் செய்த நொடியில் பேயாகிறாள். கணவனைக் காப்பாற்றாமல் விட்டிருந்தால் கடைசிவரை அழகியாகவும் மனுஷியாகவும் இருந்திருப்பாள். இப்படி ஒரு முடிச்சை எழுதியவர், சொமெலாக நடித்த மரியா மெனாடோவின் அன்றைய கணவர் அப்துல் ரசாக். தன் மனைவி நடிக்கப் போகும் படத்துக்கு ஒரு கணவன் எழுதிய கதையில், கணவனுக்காக மனைவி அழிகிறாள் என்பதை நினைக்க நினைக்க எனக்கு உடல் சிலிர்க்கிறது.

இந்தக் காட்சியை நான் திரையில் பார்த்ததில்லை. என் தலைமுறையில் பலரும் பார்த்திருக்க முடியாது. அப்பா சொல்லக் கேட்டதுதான். கூலாய் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர் அவர். மலாயாவின் அவசரகாலம் முடியாத நேரம், இரவில் தோட்டத்தைவிட்டுப் போய்வருவது எளிதல்ல என்பதால் ஜொகூர் பாருவுக்குப் பகல் காட்சிக்குத்தான் போனார்களாம். அவருக்கு மலாய் அரைகுறைதான். ஆனால் ஒத்மான் கெஞ்சுவதையும் சொமெல் தயங்குவதையும் ஒரு வார்த்தை விடாமல் சொல்வார். அவள் குனிவதற்கு முன் கணவனைப் பார்த்த பார்வையைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். பேயைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார். லயத்து வாசலில் சுற்றி உட்கார்ந்த பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். பயமுறுத்த எடுத்த படத்தை நினைத்து அவர்கள் அழுதார்கள். ராவின் வெற்றி அதுதான்.

பி. என். ராவ் நமக்கு அந்நியரல்லர். மலாய்ப் படவுலகுக்கு வருவதற்கு முன்பே மதராஸ் ஸ்டூடியோக்களில் தமிழ்ப் படம் எடுத்தவர். ‘மதனகாமராஜன்’ (1941) அவர் இயக்கியது. ரஞ்சனும் எம்.ஜி.ஆரும் நடித்த ‘சாலிவாகனன்’ (1945) அவருடையது. சிங்கப்பூருக்கு வந்து ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸில் பி. ரம்லியை வைத்து ‘ஹுஜான் பானாஸ்’ (1953) எடுத்தார். பிறகு ஹோ ஆ லோக்கும் லோக் வான் தோவும் நடத்திய கேத்தே-கெரிஸுக்கு மாறி, அங்கே ‘பொந்தியானாக்’ எடுத்தார். பி. எஸ். ராஜ்ஹான்ஸ், எல். கிருஷ்ணன், பணி மஜும்தார் என்று மலாய் சினிமாவின் அடித்தளம் போட்ட இயக்குநர் வரிசையில் ராவுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். மஜும்தாருக்கு ‘ஹாங் துவா’ இருக்கிறது, பேசுகிறார்கள். ரம்லியை ‘பக்தி’யில் கதாநாயகனாக்கியவர் என்று கிருஷ்ணனைக் கொண்டாடுகிறார்கள். ஒரு முழு வகைப் படத்தையே தொடங்கிவைத்த ராவைப் பேய்ப்பட இயக்குநர் என்று ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள்.

‘பொந்தியானாக்’கைத் தமிழ்க் கண்ணால் பார்த்தால் அதன் எலும்புக்கூடு பிடிபடும். மதராஸ் படத்தின் கட்டு அது. பாட்டு உண்டு, நகைச்சுவைத் தனித்தடம் உண்டு, நடுவில் ஒரு கல்யாணம் உண்டு. சாத்தே விற்பவனாக வந்து பாடிய அப்துல் வாஹிட், அந்த ஒரு வேடத்தாலேயே வாழ்நாள் முழுக்க வாஹிட் சாத்தே ஆனார். பேய்ப்படத்தில் எதற்குச் சாத்தேக்காரன் பாட்டு என்று இன்றைய விமர்சகர்கள் முகம் சுளிக்கிறார்கள். படம் நெடுகப் பயந்துகொண்டே இருக்க முடியாது. சிரித்து, நெகிழ்ந்து, அந்தக் கிராமத்தில் நாமும் ஒரு வீடு கட்டிக் குடியேறிய பிறகு விழும் அடிதான் வலிக்கும். கலைவாணர் காலத்துப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாத்தேக்காரன் அந்த ஊரை நம் ஊராக்குகிறான். அதனால்தான் பிற்பாதியில் அந்த ஊர்க் கதவுகள் மூடும்போது நம் நெஞ்சும் அடைத்துக்கொள்கிறது.

மரியா மெனாடோவுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் தங்கித்தான் ஆக வேண்டும். சுலாவேசியின் மெனாடோ பகுதியில் பிறந்தவர், ஊர்ப் பெயரையே திரைப்பெயராக்கிக்கொண்டவர். அந்தக் காலத்து மலாயாவில் அழகுக்கு இன்னொரு பெயர். கெபாயா அணியும் விதத்தைக்கூடப் பெண்கள் அவரைப் பார்த்துப் பழகினார்கள் என்பார்கள். அப்படிப்பட்டவர் தன் முதல் பேய்ப்படத்தில் கூன் முதுகும் கோணிய முகமுமாகத் திரையில் அறிமுகமாகச் சம்மதித்தார். ரசிகர்கள் எதற்குக் காசு கொடுத்து வருகிறார்களோ அதை ஒளித்துவைத்துவிட்டுத் தொடங்குகிறது படம். பிறகு அந்த அழகைக் கொடுக்கிறது. கொடுத்துவிட்டுப் பிடுங்குகிறது. அழகியாக இருந்தவள் பேயாக மாறும்போது நாம் இழப்பது சொமெலை மட்டுமல்ல, மரியா மெனாடோவையும் சேர்த்துத்தான். நட்சத்திரத்தின் புகழைக் கதையின் கருவியாக இவ்வளவு துல்லியமாகப் பயன்படுத்திய படங்கள் நம் பக்கத்திலும் குறைவு.

1957 ஏப்ரல் 27-ஆம் தேதி சிங்கப்பூர் கேத்தே அரங்கில் வெளியானது படம். மலாயாவின் சுதந்திர நாளான மெர்டேக்காவுக்கு நான்கு மாதம் இருந்தது. மலாய்ப் படங்கள் ஒன்றிரண்டு வாரம் தாக்குப்பிடிப்பதே பெரிதாக இருந்த காலத்தில் ஏறக்குறைய மூன்று மாதம் ஓடியது. சீன ரசிகர்களுக்காகக் கண்டனீஸ் குரல்சேர்ப்பும் செய்தார்கள். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே பேய்க்குப் பயந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு ஒற்றுமையை இந்த மண்ணின் சினிமா அதிகம் கண்டதில்லை. அதே ஆண்டிலேயே ‘டெண்டாம் பொந்தியானாக்’, அடுத்த ஆண்டு ‘சும்பா பொந்தியானாக்’ என்று ராவும் மரியாவும் தொடர்ந்தார்கள். மூன்றாவதைச் சினிமாஸ்கோப்பில் எடுத்தார்கள். ஷா நிறுவனம் சும்மா இருக்குமா? 1958-இல் ரமோன் எஸ்தெல்லாவை வைத்து ‘அனாக் பொந்தியானாக்’ எடுத்து இறக்கியது.

இதில் முதலிரண்டு படங்களும் இன்று இல்லை. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. ஹோ ஆ லோக் அந்தச் சுருள்களைக் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டையில் எறிந்துவிட்டார் என்பது படவுலகில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. வைக்க இடமில்லை, யாருக்கும் வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். ‘சும்பா பொந்தியானாக்’ தப்பியது. கேத்தே-கெரிஸின் எஞ்சிய மலாய்ப் படங்களைச் சிங்கப்பூரில் உள்ள ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பாதுகாக்கிறது. 2014-இல் அந்தத் தொகுப்பு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டிலும் ஏறியது. ஆனால் பாம்புக்கடிக் காட்சி அதில் இல்லை. அது குட்டையோடு போயிற்று.

இந்த இடத்தில் அமெரிக்க ஸோம்பிப் படங்களின் பிரியர்களோடு ஒரு வார்த்தை. இளையவர்களுக்குப் பொந்தியானாக் பழைய சரக்கு, ஸோம்பிதான் வேண்டும். தமிழிலும் 2016-இல் ஜெயம் ரவியை வைத்துச் சக்தி சௌந்தர் ராஜன் ‘மிருதன்’ எடுத்தார். மலேசியாவில் மாமாட் காலிட் 2007-லேயே ‘ஸோம்பி கம்போங் பீசாங்’ எடுத்துவிட்டார். நான் ஸோம்பிக்கு எதிரியல்லன். ஜார்ஜ் ரொமேரோ 1968-இல் பிட்ஸ்பர்க் நகரை ஒட்டி, கறுப்பு வெள்ளையில், சில்லறைக் காசில் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ எனக்கும் பெரிய படம். அதன் கதியையும் ராவின் படத்துக்கு நேர்ந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரொமேரோ படத்துக்கு முதலில் வேறு தலைப்பு இருந்தது. விநியோகஸ்தர்கள் தலைப்பை மாற்றியபோது காப்புரிமை வாசகம் திரையிலிருந்து விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகிவிட்டது. எடுத்தவர்களுக்கு அது பெரும் நஷ்டம். ஆனால் யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம் என்றானதால் உலகமெங்கும் பரவி, அழியவே முடியாத படமாயிற்று. ராவின் படத்துக்கு உரிமையாளர் இருந்தார். பிரதி அவர் கையில் இருந்தது. அவர் கையோடே போயிற்று.

மறு ஆக்கம் என்ற விஷயத்திலும் அங்கே பாடம் இருக்கிறது. 1990-இல் டாம் சாவினி அதே படத்தை மறுபடி எடுத்தார். திரைக்கதை ரொமேரோவே எழுதியது. பழைய படத்தில் அதிர்ச்சியில் உறைந்து சோபாவில் கிடந்த பார்பரா, புதியதில் துப்பாக்கி எடுத்துப் போராடுகிறாள். எனக்கு அந்த மாற்றம் பிடிக்கும். மூலத்தை அறிந்தவர்களே, அதன் நரம்பு எங்கே ஓடுகிறது என்று தெரிந்து தொட்ட மாற்றம் அது. 2004-இல் ஸாக் ஸ்னைடர் ‘டான் ஆஃப் தி டெட்’டை மறுபடி எடுத்தபோது பிணங்களை ஓடவைத்தார். அரங்கில் கூச்சல் எழுந்தது உண்மை. ரொமேரோவின் 1978 படத்தில் அவை மெதுவாக நடந்தன. பேரங்காடிக்குள் பழக்க தோஷத்தில் உலாத்தின. அந்த மெதுநடையில்தான் நாம் நம்மையே பார்த்தோம். ஓடும் பிணத்துக்கு நாம் பயப்படலாம், ஆனால் அதில் நம்மை அடையாளம் காண முடியாது. மூல இயக்குநர் எங்கே உயிரை வைத்தாரோ அங்கே கைவைக்காதவர்தான் நல்ல மறு ஆக்கக்காரர்.

நம் பக்கத்தில் அந்தச் சிக்கல் இன்னும் கடுமையானது. அமெரிக்க இயக்குநர் மூலத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டுப் படப்பிடிப்புக்குப் போகலாம். பொந்தியானாக்கை மறுபடி எடுப்பவர் எதைப் போட்டுப் பார்ப்பார்? சுவரொட்டி, நிழற்படங்கள், தாத்தா பாட்டி சொன்ன கதை, பிழைத்த மூன்றாம் படம். அவ்வளவுதான். சொமெலின் பார்வை யாருக்கும் கிடைப்பதில்லை.

2004-இல் ஷுஹாய்மி பாபா ‘பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்’ எடுத்தபோது மலேசியத் திரையில் பேய்ப்படம் என்பதே அரிதாகி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தணிக்கையின் கண்டிப்பு ஒருபுறம், தயாரிப்பாளர்களின் தயக்கம் மறுபுறம். அந்தப் பூட்டைத் திறந்த படம் அது. மாயா கரின் மெரியாமாக வந்தார், நடனக்காரி, கர்ப்பிணி, கொலையுண்டவள். கமேலான் இசையும் சம்பங்கிப் பூவின் மணமும் சூழ ஷுஹாய்மி கட்டிய உலகம் இன்றும் கலையவில்லை. மாயா கரினின் சிரிப்பு ஒரு தலைமுறையின் தூக்கத்தைக் கெடுத்தது. அந்தப் படத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மெரியாம் பழிவாங்க வருகிறாள். கொன்றவன் வழியில் வந்தவர்களைத் தேடி வருகிறாள். நேர்க்கணக்கு.

2019 படமும் அதே கணக்குதான். 1965, ஒரு மலாய்க் கிராமம். காலிடுக்கும் சித்திக்கும் கல்யாணம். ரெமி இஷாக்கும் ஷென்டி ஃபெலிசியானாவும் மணமக்கள். சாவு விழத் தொடங்குகிறது. காலிட் முன்பு காதலித்துக் கொன்ற மீனாதான் திரும்பி வந்திருக்கிறாள். நூர் ஃபஸுரா அந்த மீனா. கோயி இதை ஐம்பது, அறுபதுகளின் பொந்தியானாக் படங்களுக்குச் செலுத்தும் வணக்கமாகவே எடுத்தார். அந்த பக்தி ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. பழைய கேத்தே-கெரிஸ் படத்துக்கு நிறம் வந்தது போன்ற செறிவு. நாடகத்தன்மையை மறைக்காத நடிப்பு. ஃபஸுரா கத்துவதைவிட நிற்பதில் அதிகம் சாதிக்கிறார். மரியா மெனாடோ பள்ளியின் கடைசி மாணவி என்று அவரைச் சொல்வேன். பேயைக் கொண்டு ஆண்களின் கோழைத்தனத்தைக் கேள்வி கேட்டதும் நல்ல காரியம்.

ஆனால் தலைப்பு மட்டும்தான் ராவுடையது, கதை வேறு. நண்பர்கள் சொல்வார்கள்: “இந்தக் காலத்துப் பெண்ணுக்கு இதுதான் பொருத்தம், கணவனுக்காக விஷம் உறிஞ்சுகிறவள் பழைய பதிவிரதைக் கதை.” இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. இருந்தாலும் என் பதில் இதுதான். மீனாவைப் பேயாக்கியது ஓர் ஆண். மெரியாமைப் பேயாக்கியதும் ஆண். அவர்கள் வாழ்வையும் சாவையும் பேயுருவையும்கூட ஆண்களே தீர்மானிக்கிறார்கள். சொமெலைப் பேயாக்கியது சொமெல். அழகையும் அவளே தேடிக் குடித்தாள், அழிவையும் அவளே தெரிந்து குடித்தாள். மூவரில் தன் விதியைத் தானே எழுதியவள் 1957-இல் பிறந்த சொமெல் ஒருத்திதான்.

பழிக்கதைக்கு நம் மண்ணில் பஞ்சம் இருந்ததே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். ஜொகூரிலேயே கோத்தா திங்கியில் அந்த ரத்தம் இன்னும் உலரவில்லை. சுல்தான் மாமூட்டின் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றை மசக்கைக்குத் தின்றாள் என்று நிறைமாதப் பெண் டாங் அனோமின் வயிறு கிழிக்கப்பட்டதாகக் கதை. அவள் கணவர் மெகாட் ஸ்ரீ ராமா 1699-இல் தொழுகைக்குப் பல்லக்கில் சென்ற சுல்தானைக் கொன்று பழிதீர்த்தார். கம்போங் மாக்காமில் சுல்தானின் கல்லறையை இன்றும் பார்க்கலாம். கேத்தே-கெரிஸ் அதையும் 1961-இல் படமாக எடுத்தது. நம் பக்கம் திருவாலங்காட்டருகே பழையனூர் நீலி இருக்கிறாள். கணவனால் கொல்லப்பட்டு, கட்டையைக் குழந்தையாக இடுப்பில் ஏந்தி வந்து ஊர்ச்சபையையே நம்பவைத்துப் பழிவாங்கியவள். அநியாயமாகச் செத்த பெண் திரும்ப வருவாள் என்பதைக் கோத்தா திங்கிக்கும் பழையனூருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் மறுபடி எடுப்பவர்கள் எல்லாரும் அந்தப் பழகிய பாதையில் இறங்கிவிடுகிறார்கள். அன்பினால் பேயானவளை அவர்களுக்குத் தெரியவில்லை. அவள் இருந்த ஒரே சுருள் தண்ணீரில் கிடக்கிறது.

இப்போது வரும் பேய்ப்படங்களின் தரத்தைப் பற்றியும் மனம் பொறுக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. டெப்ராவ் பக்கத்துப் பேரங்காடி அரங்குகளில் மாதம் தவறாமல் ஒரு பேய் வருகிறது. இந்தோனேசியா, தாய்லாந்து, நம் ஊர், கோலிவுட் எல்லாம் கலந்து வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே சமையல் முறைதான். பத்து நிமிடம் பச்சை கலந்த இருட்டு, பிறகு காது கிழியும் ஒரு சத்தம், பல்லை இளிக்கும் ஒரு முகம். பார்வையாளர் திடுக்கிடுகிறார். திடுக்கிடுவது உடம்பு செய்யும் வேலை. பின்னால் நின்று யாராவது தட்டத்தை நழுவவிட்டாலும் திடுக்கிடுவோம். பயம் அப்படிப்பட்டதன்று, நாம் நேசிக்கத் தொடங்கிய ஒருவருக்கு என்ன ஆகுமோ என்ற கவலையிலிருந்து பிறப்பது. அதற்கு முதலில் நேசிக்கவைக்க வேண்டும். ஒரு பாட்டு வேண்டும், ஒரு சாத்தேக்காரன் வேண்டும், வாசலில் காயும் துணி வேண்டும். அதற்கெல்லாம் நேரம் இல்லை என்கிறார்கள். தமிழ்ப் பேய்ப்படங்களோ நகைச்சுவையை வைத்துக்கொண்டு பேயைக் கைவிட்டுவிட்டன. பேயே ஒரு கோமாளிக் கூட்டத்தில் ஒன்றாகிவிட்டது.

இருட்டும் கெட்டுவிட்டது. கறுப்பு வெள்ளைக் காலத்தில் ஒளிப்பதிவாளர் ஒரு வாழைத் தோப்பில் எந்த இலைக்கு வெளிச்சம், எந்த இலைக்கு நிழல் என்று முடிவெடுத்தார். ‘சும்பா பொந்தியானாக்’கின் அகலத் திரையில் அதைக் காணலாம். ஒரு ஓரத்தில் வீட்டின் விளக்கு, மறு ஓரத்தில் காடு, இடையே வெற்று இடம். அந்த வெற்று இடத்தில்தான் கண் தவிக்கும். பால்மரக் காட்டுக்குள் விடியற்காலையில் நெற்றி விளக்கோடு மரம் வெட்டப் போனவர்களுக்கு அந்த வெற்று இடம் நன்றாகத் தெரியும். மலாய்க் கம்பமும் தமிழ்த் தோட்டமும் தொட்டுக்கொண்டிருந்த அந்நாள் ஜொகூரில் மோகினியும் பொந்தியானாக்கும் ஒரே இருட்டில்தான் குடியிருந்தார்கள். சிங்கப்பூர்த் தொலைக்காட்சி ஜொகூர் பாரு வீடுகளின் கூரை ஆன்டெனாக்களில் இலவசமாக வந்த நாள்களில், பழைய கேத்தே-கெரிஸ் படம் போட்டால் அம்மா கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் உட்காருவார். சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில்கூட மரியா மெனாடோவின் கண்கள் வீட்டை நிறைக்கும்.

ஆகவே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ‘டெண்டாம் பொந்தியானாக்’ 2019 பார்க்கத் தகுந்த படம். பழையவற்றின் மேல் இவ்வளவு மரியாதையோடு இங்கே வேறு யாரும் பேய்ப்படம் எடுக்கவில்லை. ஆனால் 1957-இன் மறு ஆக்கம் என்று அதை ஏற்க மாட்டேன். ராவின் கதையை யாரும் இன்னும் மறுபடி எடுக்கவே இல்லை. பிரதி அழிந்த படத்துக்குத்தான் மறு ஆக்கம் உண்மையிலேயே தேவை. நல்ல பிரதி கையில் உள்ள படத்தைத் திரும்ப எடுப்பது ஆடம்பரம். தொலைந்ததைத் திரும்ப எடுப்பது மீட்பு.

மலேசியத் தமிழ்ப் படம் எடுக்கும் இளைஞர்களுக்கும் இதையேதான் சொல்வேன். அந்தக் கதையின் சூத்திரதாரி நம் ஸ்டூடியோக்களில் தொழில் செய்தவர். தோட்டமும் கம்பமும் பாம்பும் பால்மரக் காடும் உங்களுக்கு அந்நியமல்ல. சொமெலை எடுத்துக்கொள்ளுங்கள். பேயை அடக்கும் ஆணி, அவள் நகம், சிரிப்பு எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவள் குனியும் அந்த நொடியை எடுங்கள்.

ஜொகூரின் பழைய குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாராவது தியேட்டரில் ஆபரேட்டராக வேலை பார்த்திருக்கலாம், தோட்டம் தோட்டமாகப் படம் காட்டப் போயிருக்கலாம், மலாய்ப் படங்களின் பாட்டுப் புத்தகமோ விளம்பரத் தாளோ சேர்த்திருக்கலாம். அறையின் மூலையில் துருப்பிடித்த தகரப்பெட்டி ஏதாவது கிடந்தால், பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது கண்டனீஸ் குரல் சேர்த்த பிரதியாக இருந்தாலும், பாதிச் சுருளாக இருந்தாலும், வினிகர் நாற்றம் அடித்தாலும் நீங்களே பிரித்து ஓட்டிப் பார்க்க வேண்டாம். பழைய படச்சுருள் எளிதில் உடையும், சிலவகைச் சுருள் தீப்பிடிக்கும். அப்படியே சிங்கப்பூர் ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கோ கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ தகவல் சொல்லுங்கள்.